இரண்டு தயிர்ச் சட்டியில் ஒரு கொச்சிக்காய்ச் செடி

எத்தாளை
04.06.2024, செவ்வாய்

தம்பி ஸஜீத்,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இனி நீ பதில் தரத்தான் வேண்டும். சலாத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க உனக்கும் ஏலாது, எனக்கும் ஏலாது.

நீ போனில் என் நம்பரைப் பூட்டி வைத்து இன்றைக்கு மூன்றாம் நாள். மூன்று நாளைக்கு மேல் ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் இருப்பது நமக்கு ஆகாது என்று உனக்கு ஓதித் தந்த மௌலவிதான் எனக்கும் ஓதித் தந்தவர். அதனால் கெடு தப்பாமல் எழுதி, மரக்கறி ஏற்றிப் புத்தளம் வரும் ஜௌபரின் லொறியில் கொடுத்து விடுகிறேன். திரும்பி வரும்போது பதிலை அவனிடமே கொடு.

சனிக்கிழமை உன் பசளைக் கடையில் நாலு பேர் நிற்கும்போது நான் அப்படிச் சொன்னது பிழை. "உன் கடை யூரியாவில பாதி என் கிணத்துக்குள்ளதான் கிடக்கு" என்று வீட்டுக்குள் சொல்லியிருக்க வேண்டும். சொன்ன இடம் பிழை. சொன்ன சொல் சரி. இடத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

நீ சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. "இந்தக் கொச்சிக்காய் முடிஞ்ச உடனே தோட்டம் மரியநாயகத்துக்கு. அவர் புகையிலை போடக் கேட்டுக்கிட்டு இருக்கார்." அரை ஏக்கர் உன் பேரில் இருப்பது உண்மை. வாப்பா வீட்டையும் கிணற்றையும் எனக்குச் சீதனமாக எழுதினார், பின்னால் உள்ள தோட்டத்தை உனக்கு எழுதினார். ஆறு வருடமாக அதில் மிளகாய்ப் பயிர் வைக்கிறவள் நான். எந்த மூலையில் மணல் சுடும், எந்த மூலையில் ஈரம் நிற்கும் என்று என் காலுக்குத் தெரியும். அதை விட்டுக் கொடுக்க எனக்கு மனமில்லை. நேராகவே எழுதிவிட்டேன்.

செடியின் இலை வெளுத்ததைப் பார்த்து இன்னும் அரை மூடை யூரியா போடச் சொன்னாய். வெளுத்தது நுனியில் வந்த புது இலை. நரம்பு பச்சையாகத்தான் இருந்தது. அது யூரியாப் பசி இல்லை, இரும்புச் சத்துக் குறைவு. நம் மணலில் சிப்பித் தூள் அதிகம், அது இரும்பை வேருக்குக் கொடுக்காமல் பிடித்து வைக்கும். நான் மாட்டெரு போட்டு, தண்ணீரைக் குறைத்தேன். இப்போது வருகிற இலை பச்சை. வந்து பார்.

ஜுனைதா ராத்தா


புத்தளம்
06.06.2024

ராத்தா,

வஅலைக்குமுஸ்ஸலாம். பதில் சொல்லியாச்சு, கடமை முடிஞ்சுது.

பில் கொப்பியில எழுதுறன், கடையில வேற கடதாசி இல்ல.

பதினெட்டு வருஷமா பசளை விக்கிறன். நீங்க உங்கட மகள் றிஷ்னா ஏஎல் படிச்ச புத்தகத்த சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வாசிச்சிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கிறீங்க. அதுவும் ஆக்களுக்கு முன்னால. அந்த நாலு பேர்ல ரெண்டு பேர் இன்னும் சாமான் எடுக்க வரல்ல, தெரியுமா?

கற்பிட்டி ரோட்டு நெடுக எல்லாத் தோட்டத்துக்கும் நான்தான் யூரியா குடுக்கிறன். எல்லாரும் போடுறாங்க, எல்லாருக்கும் காய்க்குது. உங்கட வேர் மட்டும் நோன்பு பிடிக்குதா?

தோட்டக் கதை கதைதான். மாத்தமில்ல.

ஸஜீத்


எத்தாளை
11.06.2024

தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும். (திரும்பவும் கடமை.)

நோன்பு இல்லை, வயிறு நிறைந்த கதை. பெருநாள் அன்று இரண்டு பிளேட் புரியாணி சாப்பிட்ட ஆளுக்கு மூன்றாவதை வைத்தால் "போதும், எடுங்க" என்பார். உன்னைத் தவிர.

நாம் வேரை வாய் திறந்த சாக்கு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொட்டினால் நிறையும் என்று. றிஷ்னாவின் புத்தகத்தில் அப்படி இல்லை. வேரின் தோலில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் இருக்கின்றன. மண்ணில் சத்துக் குறைந்தால் செடி வாசலைக் கூட்டும், வேரையும் கிளைக்க விடும். மேலே இலைக்குப் போதும் என்றால் இலை கீழே தகவல் அனுப்பும், வேர் வாசலைக் குறைக்கும். ஒரு அடி உயரச் செடிக்குள் மேலுக்கும் கீழுக்கும் இவ்வளவு கதை நடக்கிறது. எல்லாவற்றையும் அளவோடு படைத்தவன் இதற்கும் அளவு வைத்திருக்கிறான். வாசல் குறைந்த பிறகு நீ போடுகிறது செடிக்குப் போகாது. தண்ணீரோடு மணலில் இறங்கும். பன்னிரண்டு அடியில் என் கிணறு.

இதை நான் கற்பனையில் எழுதவில்லை. பிரசவத்துக்கு றிஷ்னா இங்கே வந்தபோது மிட்வைஃப் மிஸ், "கிணத்துத் தண்ணியில பிள்ளைக்கு மாப்பால் கரைக்க வேணாம், முதல்ல செக் பண்ணுங்க" என்றார். போத்தலில் பிடித்துக் கொடுத்து விட்டேன். யூரியா மண்ணில் கரைந்து மாறுகிற நைத்திரேற்று ஒரு லீட்டரில் நூறு மில்லிகிராம் என்று சோதனைத் துண்டு வந்தது. ஐம்பதுக்கு மேல் குடிக்கக் கூடாது. பிள்ளை தாய்ப்பாலோடு நிற்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். நாங்கள் கேனில் தண்ணீர் வாங்குகிறோம்.

அந்தத் துண்டை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். நாம் எல்லோரும் யூரியாவைக் கையால் எண்ணுகிறோம். கிணற்றுத் தண்ணீரை யாரும் எண்ணுவதில்லை. கால் ஏக்கருக்கு ஒரு நாளைக்கு ஐயாயிரம் லீட்டர் இறைக்கிறேன். என் கொப்பியில் பெருக்கிப் பார்த்தால், அந்தத் தண்ணீரோடு மட்டும் கால் கிலோ யூரியாவின் சத்துத் தோட்டத்துக்குப் போகிறது. ஒவ்வொரு நாளும். மூன்று மாதத்தில் அரை மூடைக்குக் கிட்ட. பசளை போட்ட தண்ணீரை ஊற்றிக்கொண்டே மேலே பசளை போடுகிறோம்.

ஆகவே ஒரு பந்தயம். பந்தயம் நமக்கு ஹராம், அதனால் ஒப்பந்தம் என்று வை. தோட்டத்தை நடுவில் கயிறு கட்டிப் பிரிக்கிறேன். கிழக்குக் கால் ஏக்கர் உன் அளவு, ஒரு மூடையை ஐந்து தரமாகப் பத்துப் பத்துக் கிலோ. மேற்குக் கால் ஏக்கர் என் அளவு, ஐந்து தரம் இரண்டிரண்டு கிலோ. உன் பக்கத்துக்கு நம் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் பேதுரு போடட்டும், நான் கிட்டவும் போக மாட்டேன். ஆவணி முடிய ஆய்ந்த காயின் நிறை பார்ப்போம். உன் பக்கம் ஒரு கிலோ கூடினாலும் தோட்டத்தை ஒரு சொல் கதைக்காமல் தருகிறேன். என் பக்கம் கூடினால் அது என்னிடம் இருக்கும்.

இன்னொன்று. வைகாசி தொடக்கத்திலேயே ஒரு கொச்சிக்காய்க் கன்றின் வேரை இரண்டாகப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு தயிர்ச் சட்டியில் நட்டேன். ஒரு சட்டிக்குப் பசளைத் தண்ணீர், மற்றதற்குக் கேன் தண்ணீர். உன் மச்சான் லாபிர் வீட்டிலிருந்து கடலுக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போகிறார், "உன்ட செடி கால அகட்டி நிக்குது" என்று சிரிக்கிறார். முடிவை உனக்கு அனுப்புவேன்.

ஜுனைதா ராத்தா


புத்தளம்
13.06.2024

ராத்தா,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

சம்மதம். ஒரு கிலோ கூடினாலும் எண்டு நீங்கதான் எழுதினீங்க, பிறகு அழக் கூடாது. கடதாசிய மேசை லாச்சியில பூட்டி வச்சிருக்கன். ஒரு மூடை ஜௌபரிட்ட அனுப்புறன்.

மரியநாயகத்துக்கிட்டயும் சொல்லிட்டன், ஆவணிக்குப் பிறகு வாங்க எண்டு. "அக்கா விடுவாவா?" எண்டு கேட்டார். எழுத்தில தந்திருக்கா எண்டன்.

புரியாணிக் கதைய ஜௌபர் லொறியிலயே உடைச்சு வாசிச்சிட்டான். கடிதத்துக்குக் கோந்து போடுங்க.

ஸஜீத்


எத்தாளை
02.07.2024

தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வருவாய் என்று பார்த்தேன். வரவில்லை. உன் பங்கு இறைச்சியை ஜௌபரிடம் அனுப்பினேன், வெறும் பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது. ஒரு துண்டுக் கடதாசியாவது உள்ளே கிடக்குமோ என்று பார்த்தேன். சரி, போகட்டும்.

இத்தோடு ஈரச் சாக்கில் சுற்றி ஒரு செடி வருகிறது. தயிர்ச் சட்டிச் செடிதான். நேற்று சட்டிகளை உடைத்து மணலைக் கழுவினேன். மெதுவாக விரி. சிவப்பு நூல் கட்டிய பக்கம் பசளைச் சட்டியில் இருந்த வேர், எவ்வளவு அடர்த்தி என்று பார். நூல் இல்லாதது கேன் தண்ணீரில் இருந்தது. ஒரே செடி, ஒரே வெயில். உணவு இருக்கிற பக்கம் தெரிந்து அந்தப் பக்கம் மட்டும் வேரைப் பரப்பியிருக்கிறது. மற்றப் பக்கத்துக்குச் செலவழிக்கவில்லை. இலையைப் பார், குறை இருக்கிறதா? ஒரு பக்கத்து வேர் முழுச் செடிக்கும் உழைத்திருக்கிறது.

புத்தகத்தில் படித்தபோது நம்பினேன். கழுவிப் பார்த்தபோது "சுப்ஹானல்லாஹ்" என்று வாய்விட்டுச் சொன்னேன். றிஷ்னா பிள்ளையோடு ஓடி வந்து "என்ன உம்மா, பாம்பா?" என்றாள்.

தோட்டத்தில் இரண்டு தரம் போட்டாயிற்று. உன் பக்கம் கரும்பச்சையாக, குடை மாதிரி நிற்கிறது. என் பக்கம் கொஞ்சம் குட்டை. போகிறவர்கள் உன் பக்கத்தைத்தான் மெச்சுகிறார்கள். மெச்சட்டும். என் பக்கத்தில் பூ அதிகம்.

ஜுனைதா ராத்தா


புத்தளம்
04.07.2024

ராத்தா,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

செடி வந்திச்சு. பாத்தன்.

இறைச்சி நல்லா இருந்திச்சு. பாத்திரத்துக்குள்ள என்ன எழுதிப் போடுறது?

ரெண்டு கேள்வி. கேன் தண்ணிச் சட்டிக்கு ஒண்டுமே போடல்லயா, மாட்டெருவும் இல்லயா? ரெண்டு சட்டிக்கும் நல்லா அள்ளிப் போட்டா வேர் என்ன செய்யும்? உங்கட புத்தகத்தில அது இருந்தா எழுதுங்க. சும்மா கேக்கிறன்.

ஸஜீத்


எத்தாளை
16.07.2024

தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கேள்விக்குப் பதில்: மாட்டெரு போடவில்லை, வெறும் கழுவிய மணல். இரண்டு சட்டிக்கும் அள்ளிப் போட்டால் வேர் சோம்பேறியாகும் என்று புத்தகம் சொல்கிறது. தேட வேண்டியதில்லையே.

இப்போது என் கதை. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கொப்பியில் உள்ளதை உனக்கு மறைக்க மாட்டேன்.

காலம் தப்பி ஒன்பது நாள் மழை. உனக்கும் தெரியும். நேற்றுத்தான் வெளித்தது. என் பக்கம் நூற்றுக்கு அறுபது செடி மஞ்சள். நுனி இல்லை, அடி இலை. முழு இலையும் மஞ்சளாகி, தொட்டால் விழுகிறது. உன் பக்கம் லேசாக வெளுத்தாலும் நிமிர்ந்து நிற்கிறது. பேதுரு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று தொப்பியைக் கழற்றினார், மையத்து வீட்டில் நிற்கிற மாதிரி.

மாட்டெரு போட்டிருக்கிறேன். நோயா என்று இலையைப் புரட்டிப் பார்த்தேன், பூச்சியும் இல்லை, புள்ளியும் இல்லை. என் அளவு பிழை என்று மட்டும் நான் நினைக்கவில்லை. எங்கேயோ ஒன்றை எண்ணாமல் விட்டிருக்கிறேன். எது என்று பிடிபடவில்லை. உதவி கேட்டு எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஜுனைதா ராத்தா


புத்தளம்
17.07.2024, அவசரம்

ராத்தா,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாளைக்கு லொறி வரும் வரைக்கும் காத்திருக்க ஏலாது, கற்பிட்டி பஸ் கண்டக்டரிட்ட குடுத்து விடுறன்.

நீங்க எண்ணாம விட்டது மோட்டர. ஒம்பது நாளா மழை எண்டு மோட்டர் போட்டிருக்க மாட்டீங்க. கிணத்துத் தண்ணியில ஒரு நாளைக்குக் கால் கிலோ யூரியா போகுது எண்டு எழுதினது நீங்கதானே. அந்தக் கால் கிலோ ஒம்பது நாளா போகல்ல. போதாததுக்கு மழை, மண்ணில கிடந்ததையும் கழுவிக்கிட்டுப் போயிட்டு. உங்கட பக்கம் மிச்சம் வைக்காத கணக்கு, அதால முதல்ல பட்டினி.

அடி இலை மஞ்சளாகுது எண்டா செடி பழைய இலையிலருந்து சத்த உருவி நுனிக்கு அனுப்புது. இது மெய்யான பசி. புது இலை வெளுத்தா வேற, பழைய இலை வெளுத்தா வேற எண்டு எனக்குச் சொல்லிக் காட்டினது ஆரு? உங்களுக்கே மறந்திட்டு.

உடனே அள்ளிப் போட வேணாம். மணல் நனைஞ்சு கிடந்தா வேருக்கு மூச்சு இல்ல, மூச்சில்லாத வேர் ஒண்டையும் எடுக்காது. நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் வடிய விடுங்க. வழக்கமா போடுற ரெண்டு கிலோவோட இன்னும் ரெண்டு கிலோ, செடியில படாம, சுத்தி. அடுத்த நாள் மோட்டர் போடுங்க. ஒரு கிழமையில நுனி நிமிரும்.

உங்கட பக்கம் விழுந்தா தோட்டம் எனக்கு. அது தெரிஞ்சுதான் எழுதுறன். செடி என்ன பாவம் செஞ்சுது.

ஸஜீத்


எத்தாளை
06.08.2024

தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ சொன்னபடி செய்தேன். எட்டாம் நாள் நுனி நிமிர்ந்தது. இரவுத் தஹஜ்ஜுத் தொழுகையில் உன் பெயரைச் சொல்லித்தான் துஆ கேட்டேன். இப்போது காய் ஆய்கிறேன், கை வலிக்க வலிக்க. கொப்பியில் புதுப் பத்தி ஒன்று கோடு போட்டிருக்கிறேன்: மழை நாள். மோட்டர் ஓடாத நாளெல்லாம் இனி அதில் விழும்.

ஒரு சின்ன விசயம். பேதுரு தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தார். சாமான் அறையை நானே கூட்டினேன். உன் மூடை மூலையில் நின்றது. நாலு தரம் போட்டாயிற்று, பத்துக் கிலோ மிஞ்ச வேண்டும். ஒதுக்கி வைக்கத் தூக்கினால் இடுப்பு உடைகிறது. தராசில் தொங்கவிட்டேன், இருபத்தாறு கிலோ. பேதுரு வந்ததும் கேட்டேன். "அது... காத்தில ஈரம் பிடிச்சிருக்கும் அக்கா" என்றார். பதினாறு கிலோ ஈரமா என்றேன். "மெழுகுவர்த்தி ஒண்டு கொண்டு வந்திருக்கன், கரண்ட் போனா உதவும்" என்று கையில் தந்துவிட்டுப் போய்விட்டார்.

ஜுனைதா ராத்தா


புத்தளம்
08.08.2024

ராத்தா,

வஅலைக்குமுஸ்ஸலாம். மத்தவன்ட மூடைய என்னத்துக்கு நிறுக்கிறீங்க? காய நிறுங்க.

ஸஜீத்


எத்தாளை
03.09.2024

தம்பி ஸஜீத்,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.

கடைசி ஆய்ச்சல் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. ஏழு தரம் ஆய்ந்தோம். ஒவ்வொரு தரமும் பேதுரு தராசைப் பிடிக்க, நான் எழுத, லாபிர் மச்சான் முள்ளைப் பார்த்தார்.

கிழக்கு, உன் பக்கம்: அறுநூற்றுப் பதினெட்டு கிலோ.
மேற்கு, என் பக்கம்: அறுநூற்றுப் பதினைந்து கிலோ.

என் பக்கத்துக்குப் போன யூரியா மழைக்குப் போட்டதோடு பன்னிரண்டு கிலோ. உன் மூடையில் இன்னும் இருபத்து நாலு கிலோ நிற்கிறது, வாயைக் கட்டி வைத்திருக்கிறேன். அது உன் சாமான்.

மூன்று கிலோ கூட. "ஒரு கிலோ கூடினாலும்" என்று என் கையால் எழுதிய கடதாசி உன் லாச்சியில் இருக்கிறது. நிறுவையில் மோசம் செய்கிறவர்களுக்குக் கேடு என்று ஓதிக்கொண்டு மூன்று கிலோவை நான் எங்கே ஒளிக்க? லாபிர் மச்சான், "சாக்கு நிறையாக்கும், கழிச்சிப் பாரு" என்றார். சாக்கை ஏற்கெனவே கழித்துத்தான் எழுதினேன்.

மோட்டர் அறைச் சாவி இத்தோடு வருகிறது. மரியநாயகம் ஐயாவிடம் ஒன்று மட்டும் சொல். தென்மேற்கு மூலையில் தண்ணீர் நிற்கும், அங்கே கன்று வைக்க வேண்டாம். கிணற்றுத் துண்டின் போட்டோ கொப்பி ஒன்றும் வைத்திருக்கிறேன், அவர் எந்தப் பசளை போடுவதற்கும் முதல் அதைப் பார்க்கட்டும்.

எனக்குக் கவலை இல்லையென்று எழுதினால் பொய். ஆனால் நான் செய்தது சரி என்பதில் ஒரு மயிரிழை சந்தேகமும் இல்லை.

ஜுனைதா ராத்தா


புத்தளம்
05.09.2024

ராத்தா,

வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

முதல்ல சாவியப் பிடிங்க. கடிதத்தோட ஒட்டியிருக்கன்.

இந்தக் கடிதம் நாலு தரம் எழுதிக் கிழிச்சது. நீங்க அனுப்பின செடிய கடைக்குப் பின்னால தண்ணி வாளியில வச்சு ரெண்டு நாள் பாத்தன். ஜமீல் ஹோட்டல்ல நாலு தயிர்ச் சட்டி வாங்கி, நானும் ரெண்டு கன்று நட்டன். ஒண்டுக்கு உங்கள மாதிரி ஒரு பக்கம் மட்டும் பசளை. மத்ததுக்கு ரெண்டு சட்டிக்கும் அள்ளிப் போட்டன், என்ட வாடிக்கைக்காரர் போடுற மாதிரியே. ஆறு கிழமைக்குப் பிறகு கழுவிப் பாத்தா, அள்ளிப் போட்டதுக்கு மேல இலை அடர்த்தி, கீழ வேர் பதினஞ்சு வயசுப் பொடியன்ட தாடி. கிளையே இல்ல. சட்டிக்கடியில வடிஞ்ச தண்ணிய ஒரு போத்தல்ல பிடிச்சு, உங்கட தண்ணி செக் பண்ணின இடத்துக்கே குடுத்தன். எத்தினை எண்டு எழுத வெக்கமா இருக்கு. பதினெட்டு வருஷமா நான் வித்தது நிலத்துக்குள்ள எங்க போகுது எண்டு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. றிஷ்னாட பிள்ளை குடிக்க ஏலாத தண்ணியில என்ட பங்கும் இருக்கு.

ஆனா அதுக்கு முதலே ஒண்டு செஞ்சிட்டன். உங்கட செடி வந்த அண்டைக்கே மனசு கேக்கல்ல. பேதுருக்குப் போன் எடுத்து, மூணாம் தரத்திலருந்து என்ட பக்கத்துக்கும் உங்கட அளவே போடச் சொன்னன், ராத்தாக்குச் சொல்ல வேணாம் எண்டு. அந்த மனிசன் அன்னம்மாள் மேல சத்தியம் பண்ணிட்டு, பிறகு பொய் சொல்லவும் ஏலாம உண்மை சொல்லவும் ஏலாம மெழுகுவர்த்தி தந்திருக்கார். இருபத்து நாலு கிலோ மிஞ்சினது அப்பிடித்தான்.

அப்ப கிழக்கும் உங்கட பக்கம், மேற்கும் உங்கட பக்கம். நீங்க உங்களோடயே போட்டி போட்டு மூணு கிலோவால தோத்திருக்கிறீங்க. அப்பிடி ஒரு ஒப்பந்தம் செல்லாது. கடதாசியக் கிழிச்சிட்டன்.

மரியநாயகத்துக்கிட்ட புகையிலைக்கு வேற இடம் பாக்கச் சொல்லிட்டன். "நான் அப்பவே நினைச்சன், அக்கா விடமாட்டா எண்டு" எண்டார். தோட்டம் உங்ககிட்டயே இருக்கட்டும், நீங்க போதும் எண்டு சொல்ற வரைக்கும்.

கடையில இப்ப யூரியா கேட்டு வாறவங்ககிட்ட முதல்ல கிணத்துத் துண்டு இருக்கா எண்டு கேக்கிறன். சில பேர் என்னப் பைத்தியம் மாதிரி பாக்கிறாங்க. வராம நிண்ட ரெண்டு பேர்ல ஒருத்தர் திரும்பி வந்திட்டார்.

ஸஜீத்


எத்தாளை
10.09.2024

தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும்.

மூடையைத் தராசில் தொங்கவிட்ட அன்றே எனக்கு விளங்கிவிட்டது. பதினாறு கிலோ ஈரம் பிடித்த யூரியா கல்லாகிப் போயிருக்கும், உன்னுடையது உதிரி உதிரியாக இருந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் நிறையைத்தான் எழுதினோம், மூடையை எழுதவில்லை. எழுதியபடி தந்தேன். மற்றதை நீயாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். சொல்லிவிட்டாய்.

என் கொப்பியில் ஒரு வரி இன்னும் எழுத இருக்கிறது. அதைக் கடதாசியில் எழுத மாட்டேன். சனிக்கிழமை பத்து மணிக்கு, கடையில் ஆட்கள் நிற்கிற நேரமாகப் பார்த்து வருகிறேன். அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று சலாம் சொல்வேன், உரத்து. நீயும் உரத்துப் பதில் சொல். பிறகு அவர்களுக்கு முன்னால் சொல்வேன்: மழைக்கு விழுந்த என் தோட்டத்தைத் தூக்கி விட்டவன் என் தம்பி, தூக்கினால் தனக்கு நட்டம் என்று தெரிந்தே தூக்கினவன். பிழையை எந்த இடத்தில் சொன்னேனோ, சரியையும் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். இன்னும் வராத மற்ற வாடிக்கைக்காரரும் அன்றைக்கு வந்தால் நல்லது, ஜௌபரிடம் சொல்லி அனுப்பு. அவன் இதையும் உடைத்து வாசிப்பான், ஆகவே சொல்லத் தேவையில்லை.

மழைக்காலப் பெரும்போகத்துக்குப் புது மூடை எடுத்து வைக்காதே. அரை ஏக்கருக்கு அந்த இருபத்து நாலு கிலோ போதும். மழை பிடித்து மோட்டர் நின்றால் மட்டும் நான் பிழை விடுவேன். அதற்கு எழுதிக்கொண்டிருக்காதே, போனை எடு.

ஜுனைதா ராத்தா